கொய்யாத் தோப்பில் கிடப்பவர்கள்: மதராஸின் முதல் ஆங்கில இடுகாடு குறித்து

1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை மதராஸை முற்றுகையிட்டபோது அதற்கு வாய்த்த நல்ல மறைவிடம் ஆங்கிலேயர்களின் கல்லறைகள்தான். கோட்டைக்கு வடமேற்கே, சுவருக்கு வெளியே, கொய்யாத் தோப்பு என்று அழைக்கப்பட்ட நிலத்தில் நூறு ஆண்டுகளாக ஆங்கிலேயர் தம் பிணங்களைப் புதைத்து வந்தார்கள். சும்மா புதைக்கவில்லை. கூம்புகள், மாடங்கள், வளைவுகள் என்று போட்டி போட்டுக் கட்டியிருந்தார்கள். கிழக்கே வந்து கொழுத்த வணிகன் ஒருவன் செத்துப்போனால் அவன் சேர்த்த பணத்தின் அளவு என்ன என்பதை அவன் கல்லறையின் உயரம் சொல்லியாக வேண்டும். அந்த உயரத்திற்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பிரெஞ்சுக்காரன் கோட்டையை நோக்கிச் சுட்டான். 1759 பிப்ரவரி 17இல் முற்றுகை விலகியது. பயம் விலகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் கும்பினி தன் சொந்த மூதாதையரின் கல்லறைகளைத் தானே இடித்துத் தள்ளியது. எழுத்துப் பொறித்த பலகைக் கற்களை மட்டும் பெயர்த்து, கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் முற்றத்தில் பரப்பி வைத்தது.

இன்று அந்தத் தேவாலயத்திற்குப் போகிறவர்கள் அந்தக் கற்கள் மேல்தான் நடக்க வேண்டியிருக்கிறது. லத்தீனிலும் ஆங்கிலத்திலும் போர்த்துகீசியத்திலும் ஆர்மீனியனிலும் பொறித்தவை. அவற்றுள் பழையது எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணினுடையது, 1652. கோட்டையின் முதல் பிரசிடெண்ட் ஆரன் பேக்கரின் மனைவி. இங்கே வந்து சேரும் முன்பே கப்பலில் இறந்துபோனவர். இந்தியாவில் இருக்கும் ஆங்கிலக் கல்லெழுத்துகளில் இதுவே மூத்தது என்று சொல்வார்கள்.

ஆக, கல் பெயர்ந்தது, பிணம் பெயரவில்லை. குறிப்பான் ஒரு பக்கம், குறிப்பீடு ஒரு பக்கம். கோட்டைக்குள் பிணம் இல்லாத கற்கள், கொய்யாத் தோப்பில் கல் இல்லாத பிணங்கள். பிணங்கள் கிடந்த நிலத்தின் மேல் 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் சட்டக் கல்லூரிக் கட்டடம் எழும்பியது. பக்கத்திலேயே 1892இல் உயர் நீதிமன்றம். காலனிய அரசின் நீதி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் உருவகமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஃபூக்கோ தன் 1967ஆம் ஆண்டு உரை ஒன்றில் இடுகாட்டைப் பற்றிப் பேசுகிறார். ஐரோப்பிய நகரத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இடுகாடு நகரின் நடுவில், தேவாலயத்தை ஒட்டி இருந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் அது நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. சாவு ஒரு தொற்றுநோயாகப் பார்க்கப்பட்டதும் தனித்தனிக் குழி என்ற உரிமை வந்ததும் ஒரே காலத்தில் என்பது அவர் வாதம். நம்மவர்கள் இதை அப்படியே எடுத்து நம் ஊர்ச் சுடுகாட்டுக்குப் பொருத்திவிடுவார்கள். பொருந்தாது. நம் கிராமத்தில் சுடலை எப்போதுமே ஊருக்கு வெளியேதான். வெளியே இருப்பதிலும் யாருக்கு எந்தப் பக்கம், எந்த வழி என்பது சாதி போட்ட கணக்கு. மணிமேகலையில் வரும் சக்கரவாளக் கோட்டத்தைப் பாருங்கள். புகார் நகரின் பெரிய சுடுகாடு அது. சுடுவோர், இடுவோர், தாழியில் கவிப்போர் என்று எல்லோரும் கலந்து வருகிற இடமாகத்தான் சாத்தனார் காட்டுகிறார். ஆனால் செத்தவர்க்கு எழுப்பிய கோட்டங்களில் நால்வகை வருணத்தைப் பிரித்துக் காட்டியே கட்டியிருக்கிறார்கள். நிலையாமையைப் போதிக்க வந்த காப்பியத்திலேயே வருணம் நிலைத்து நிற்கிறது.

மதராஸ் ஃபூக்கோவின் பாதையிலும் போகவில்லை, சக்கரவாளக் கோட்டத்தின் பாதையிலும் போகவில்லை. ஆங்கிலேயர் இங்கே கால் வைத்த 1640லிருந்து நாற்பது வருஷம் அவர்களுக்குத் தனித் தேவாலயமே இல்லை. 1680இல்தான் புனித மேரி ஆலயம் திருநிலைப்படுத்தப்பட்டது. அதற்கு முன்பே பிணங்கள் கோட்டைக்கு வெளியே, கறுப்பர் நகரத்தின் ஓரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன. வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்று உயிரோடிருப்பவர்களை மதில் வைத்துப் பிரித்தவர்கள், செத்த வெள்ளையர்களைக் கறுப்பர்கள் பக்கத்தில்தான் கொண்டுவந்து போட வேண்டியிருந்தது. இந்தச் சிக்கலிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவாலயத்தார் கும்பினியிடம் கொடுத்த முறையீடு ஒன்று உண்டு. இந்த இடுகாட்டின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த ஆவணம் அதுதான். என்ன புகார்? ராத்திரியில் பிச்சைக்காரர்கள் கல்லறை மாடங்களில் படுத்துத் தூங்குகிறார்கள். எருமைகள் வந்து ஒதுங்குகின்றன. தோப்பிலிருக்கும் தென்னை மரங்கள் கள் இறக்கக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கின்றன. காலையும் மாலையும், அடக்க ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதுகூட, கூடை முடைகிறவர்கள், தோட்டிகள், எருமை மேய்ப்பவர்கள், பறையர்கள் எல்லோரும் கூடிக் கள் குடிக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் புனிதமாய் நினைக்கும் இடம் இப்படிச் சீரழியலாமா?

இந்தப் புகாரைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். அந்தக் காலத்து மதராஸின் அடித்தட்டு மக்கள் கும்பினி ஆவணங்களில் பெரும்பாலும் எப்படி வருகிறார்கள்? வரி கட்ட மறுத்தவர்களாக, சண்டை போட்டுக்கொண்ட வலங்கை இடங்கையாராக, தண்டனை பெற்ற திருடர்களாக. அவர்கள் ஒரு சாயங்கால வேளையில் உட்கார்ந்து கள் குடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை நமக்குச் சொல்லும் ஆவணம் ஒரு பாதிரிமார் புகாராகத்தான் கிடைக்கிறது. ஊருக்குள் உட்கார இடம் இல்லாத சாதிகள் வெள்ளைக்காரன் சமாதியில் உட்கார்ந்தன. அதற்கு அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வெள்ளைக்காரப் பிணம் தீட்டா, இல்லையா என்று அவர்கள் ஆராய்ச்சி செய்ததாகவும் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். மரத்தைக் குத்தகைக்கு விட்டதும் அதே நிர்வாகம்தான். கள்ளுக் காசு வேண்டும், கள் குடிக்கிறவன் வேண்டாம். இந்தத் தர்க்கத்தை நாம் வேறு எங்கேயும் பார்த்ததில்லையா என்ன?

இடித்தபோது இரண்டு கல்லறைகளை மட்டும் விட்டு வைத்தார்கள். ஒன்று பௌனி குடும்பத்தின் நிலவறை. மற்றது ஜோசப் ஹின்மர்ஸ், டேவிட் யேல் இருவருக்கும் உரிய உயரமான கூம்பு. கொஞ்ச காலமாக நீதிமன்றச் செய்திகளில் அடிபடுவது இந்தக் கூம்புதான்.

ஹின்மர்ஸ் கும்பினி சபையில் இரண்டாம் நிலையில் இருந்தவர். 1680இல் இறந்தார். அதே வருஷம் நவம்பரில் அவர் விதவை கேதரினை எலிஹு யேல் மணந்தான். புதிய தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணம் அது. விதவையோடு ஹின்மர்ஸின் சொத்தும் வந்தது. யேலின் சொந்த வியாபாரத்துக்கு அதுதான் முதல். 1687இல் யேல் கவர்னர் ஆனான். 1688 தொடக்கத்தில் அவன் மகன் டேவிட், நாலு வயசுப் பிள்ளை, செத்துப்போனது. தாயின் முதல் கணவனுடைய கல்லறையிலேயே பிள்ளையைப் புதைத்தார்கள்.

பிள்ளையின் சாவு பிள்ளையின் சாவுதான். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாதங்களில் கோட்டைக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அந்தக் கல் சொல்லாது. ஔரங்கசீப் படை 1687இல் கோல்கொண்டாவைப் பிடித்தது. போரும் பஞ்சமும் சேர்ந்து சோழமண்டலக் கரை நெடுகிலும் மக்களை விரட்டின. பசி தாங்காமல் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டு மதராஸ் கரைக்கு வந்தார்கள். விலை மலிவு. யேல் தலைமையிலிருந்த சபை, ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளையாவது ஏற்றிச் செல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. அவர்கள் போன இடங்களில் ஒன்று அட்லாண்டிக் நடுவிலிருக்கும் செயின்ட் ஹெலினா தீவு. 1687இல் ஒரே மாதத்தில் மட்டும் 665 பேராவது இந்தத் துறையிலிருந்து ஏற்றப்பட்டார்கள் என்று கும்பினி ஏடுகளைப் படித்த வரலாற்றாசிரியர் ஜோசப் யான்னியெலி கணக்கிட்டிருக்கிறார். 1688இல் சபை இந்த வியாபாரத்தைத் தடை செய்தது. மனசாட்சி உறுத்தியதால் அல்ல. நாட்டைப் புதிதாக வென்ற மொகலாயர் நெருக்கியதால்.

நாலு வயது டேவிட்டுக்குக் கூம்பு. அதே வயதில் விற்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு எண். இதைச் சொன்னால் எளிய உணர்ச்சி அரசியல் என்பார்கள். இருக்கட்டும். கல்லறையை மட்டும் தனியாகப் பார்த்து ரசிப்பதுதான் உண்மையில் எளிய காரியம்.

யேல் கொள்ளையடித்ததில் ஒரு துளி கடல் கடந்து போய்ப் பெயராகிவிட்டது. 1718இல் அமெரிக்காவில் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு அவன் ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினான். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. நன்றிக்குக் கல்லூரி அவன் பெயரை வைத்துக்கொண்டது. அந்தப் பொதிகளில் மதராஸ் துணியும் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் பிற்காலத்தில் கட்டவிழ்ப்பு வாதத்தின் பெரிய பெயர்கள் பல வந்தன என்பது நம் சிறுபத்திரிகை உலகத்துக்கு ஒரு தகவல். 2024 பிப்ரவரியில் யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக மன்னிப்புக் கேட்டது.

இங்கே என்ன நடந்தது? 1921இல் அந்தக் கூம்பு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் எதையும் கட்ட முடியாது. உயர் நீதிமன்ற வளாகத்துக்கு அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம் வேண்டியிருந்தது. வழக்கு வந்தது. 2023இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, இந்தக் கல்லறைக்குத் தொல்லியல் மதிப்போ வரலாற்று மதிப்போ இல்லை, இதை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டார். ஆங்கிலப் பத்திரிகைகளில் பாரம்பரியக் காவலர்கள் பதறினார்கள். இன்னொரு பக்கம், காலனிய மிச்சம் ஒழிந்தால் சரி என்று நம் தோழர்கள் சிலர் மகிழ்ந்தார்கள்.

இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடில்லை. பாரம்பரியக்காரர்களுக்கு அது ஒரு அழகிய பழைய சமாதி, யேல் என்ற பெரிய பெயரோடு நமக்கிருக்கும் சொந்தம். அவ்வளவுதான். அதன் அடியில் அடிமை வியாபாரம் இருக்கிறது என்பதை அவர்களுடைய நடைப்பயணக் கையேடுகள் நாசூக்காகத் தாண்டிப் போகும். நம் தோழர்கள் மகிழ்ச்சியோ அதைவிட விநோதம். கார் நிறுத்த இடம் தேடுவதற்கும் காலனியத்தை எதிர்ப்பதற்கும் என்ன சம்பந்தம்? வரலாற்று மதிப்பு இல்லை என்று சொல்லி ஒரு கல்லை அகற்றும்போது அந்தக் கல்லோடு சேர்த்து அதன் குற்றமும் அகற்றப்படுகிறது. குற்றவாளியின் தடயத்தைக் குற்றம் நடந்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நாம். பக்கத்தில் இன்னொரு கல் நட்டு, 1687இல் இந்தக் கரையிலிருந்து போனவர்களைப் பற்றித் தமிழில் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

அந்த நிலத்துக்கு வேறு அடுக்குகளும் உண்டு. உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதியில்தான் பழைய கறுப்பர் நகரமும் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இருந்தன. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்ததும், பீரங்கிக்குத் திறந்தவெளி வேண்டுமென்று ஊரை இடிக்கத் தொடங்கினார்கள். திரும்ப வந்த ஆங்கிலேயர் மிச்சத்தை இடித்தார்கள். கோயில் 1757இல் போயிற்று. சாமிக்கு மாற்று நிலம் கொடுத்தார்கள், 1762இல். பூக்கடைப் பக்கத்தில் இரட்டைக் கோயிலாக மறுபடி எழுந்தது. மக்கள் முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். கறுப்பர் நகரம் என்ற பெயரும் அவர்களோடு நடந்து போனது. கோட்டைக்கும் புதிய ஊருக்கும் நடுவே யாரும் எதுவும் கட்டக்கூடாது என்று 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஒன்று இன்னும் பாரிமுனையில் இருக்கிறது. சாமிக்கு நிலம் கிடைத்தது, வெள்ளைக்காரப் பிணத்தின் பெயருக்குத் தேவாலய முற்றம் கிடைத்தது. புதிய பிணங்களுக்குக் கூவத்தை ஒட்டித் தீவுப் பக்கத்தில் புது இடுகாடு கிடைத்தது. தோப்பில் கள் குடித்தவர்கள் எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்பதற்கு எந்த முறையீட்டிலும் பதில் இல்லை.

கற்களுக்கும் நிம்மதி இல்லை. ஹைதர் அலி போர்க் காலத்தில், 1782இல், தேவாலய முற்றத்திலிருந்த பலகைகள் சிலவற்றைப் பெயர்த்துக் கொத்தளத்தில் பீரங்கிகளுக்கு அடியில் போட்டார்கள். ஒரு தடவை எதிரியின் பீரங்கிக்கு மறைப்பாயிருந்ததற்காக இடிக்கப்பட்டவை, இன்னொரு தடவை சொந்த பீரங்கிக்கு மேடையாயின. மனிதர்களிலும் பெரிய பதவிக்காரர்களுக்கு மட்டும் உடலே பெயரும். 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் செத்த தாமஸ் மன்றோவைக் கூத்தியில் புதைத்தார்கள், பிறகு 1831இல் தோண்டியெடுத்து வந்து கோட்டைத் தேவாலயத்துக்குள் வைத்தார்கள். காலராவில் அந்த வருஷம் செத்த ரயத்துகளின் கணக்கு ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவரின் வாழ்க்கை வரலாற்றில் வராது.

கும்பினி மதிலின் வடமேற்கு மூலைக்கு இப்போது போக வேண்டும். 1760களின் முடிவில் ஹைதர் குதிரைப்படை மதராஸ் வாசல்வரை வந்த பிறகு, புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். மதிலுக்கு வரி போடப் பார்த்த நினைவுதான் வால்டாக்ஸ் ரோடு. மதிலின் மூலையிலிருந்த கொத்தளம், மூலைக் கொத்தளம், பேச்சுவழக்கில் மூலக்கொத்தளம் ஆயிற்று என்கிறார்கள். கொத்தளம் போய்விட்டது. இருப்பது வடசென்னையின் பெரிய இடுகாடு. துறைமுகக் கூலிகள், மில் தொழிலாளிகள், தோட்டிகள், குடிசைவாசிகள் என்று இந்த நகரத்தைக் கட்டியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்ச் சேர்ந்த மண். அங்கே கல்லறைக்குக் கல் வைப்பது அபூர்வம். ஒரே குழி சில வருஷத்தில் இன்னொரு பிணத்துக்குத் திறக்கும். குழி வெட்டுகிறவரின் சாதி என்ன என்று இந்த வாசகர்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே கல் வைத்த சில சமாதிகள் உண்டு. 1938இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்துச் சிறைபோய், 1939 ஜனவரி 15இல் இறந்த நடராசன், வடசென்னையின் தலித் இளைஞர். அதே ஆண்டு மார்ச்சில் இறந்த கும்பகோணத்துத் தாளமுத்து. இருவரையும் அங்கேதான் புதைத்தார்கள். டாக்டர் தருமாம்பாளும் அங்கேதான். மொழியின் பேரில் ஆட்சிக்கு வந்தவர்கள் தாளமுத்து நடராசன் என்ற பெயரை எழும்பூரில் ஒரு மாளிகைக்கு வைத்தார்கள். நகர வளர்ச்சிக் குழுமத்தின் அலுவலகம் அது. 2018இல் அந்த இடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டத் திட்டம் வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. அரசியல் தலைவர்கள் மொழிப்போர் நினைவிடம் பற்றிப் பேசினார்கள். அது நியாயம்தான். நினைவிடத்தைச் சுற்றிப் பெயரில்லாமல் கிடப்பவர்களைப் பற்றி யார் பேசினார்கள்? வீடு கேட்டு நிற்கும் ஏழையையும் புதைகுழி கேட்டு நிற்கும் ஏழையையும் ஒரே நிலத்துக்காக மோதவிட்டுவிட்டு, அரசு நடுநிலை வகிப்பது போல நின்றது. நகரத்துக்குள் வேறு நிலமே இல்லையா? வடசென்னைக்காரனின் வீட்டுக்கு வடசென்னைக்காரனின் சுடுகாடுதான் கிடைத்ததா?

கொய்யாத் தோப்புக் கூம்புக்கு 1921இலிருந்து இந்தியத் தொல்லியல் துறை காவல். மூலக்கொத்தளம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கிறிஸ்தவ இடுகாடு என்றால் எல்லோரும் சமம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பிய சுவரை நினைத்துக்கொள்ளலாம். கள் குடிக்கும் பறையரால் புனிதம் கெடுகிறது என்று முறையிட்ட குரல், வேதத்தில் சேர்ந்த பறையருக்கும் சுவர் கட்டியது.

சட்டக் கல்லூரியின் கதையும் சாதியில்தான் முடிந்தது. அம்பேத்கர் பெயரிலிருந்த அந்தக் கல்லூரியில், சுவரொட்டியில் அவர் பெயரைத் தவிர்த்ததிலிருந்து மூண்ட பகை 2008 நவம்பர் 12இல் வாசலிலேயே ரத்தமாக வழிந்தது. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றதைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். 2018இல் கல்லூரியே பட்டறைப்பெரும்புதூர், புதுப்பாக்கம் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டு ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டது. ஊர், சாமி, பிணம், கல், கடைசியில் மாணவர்கள். அந்த மண்ணிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களின் வரிசை நீளமானது.

கல்லறைக் கல்வெட்டுகளை எல்லாம் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905இல் தொகுத்து அச்சிட்டார். பெயர், பதவி, குடும்பம், யாருக்கு யார் மருமகன் என்பது வரை அதில் இருக்கும். கல் இல்லாதவர்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு வர வேண்டுமானால் வேறு ஏடுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்: கப்பல் சரக்குப் பட்டியல்கள், சாவடியில் நடந்த அடிமைப் பதிவுகள், சபை நாட்குறிப்புகள். புனித ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்புகளையும் ஆலோசனைப் பதிவுகளையும் சென்னை அரசே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சில் கொண்டுவந்துவிட்டது. 1687, 1688 இரண்டுக்கும் தனித்தனித் தொகுதிகள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.